நூலகங்களுக்கு நூல் வாங்கப் பதிப்பாளருக்குத் தரும் நூலக ஆணை மேலிருந்து மட்டும்தான் வர வேண்டுமா? கிளை நூலகருக்கும் ஒரு பங்கு கொடுக்கலாமா?

கிளைநூலகன்
வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி என்று தனியாகப் போட்டிருக்கும். 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் கொடுத்த ஏற்பாடு அது. ஊராட்சியும் நகராட்சியும் வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டிய பணம். ஆனால் அந்தப் பணத்தில் எந்த நூல் வாங்குவது என்பது சென்னையில் தேர்வுக்குழு அமர்ந்து முடிவு செய்கிற விஷயம். கடையநல்லூருக்கும் கூடலூருக்கும் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான். வாசகர் முகத்தைத் தினம் பார்க்கிற நூலகருக்கு மிஞ்சியது பார்சலைப் பிரிக்கிற வேலை மட்டும்.

என் கோரிக்கை சிறியது. நூல் வாங்கும் தொகையில் நூற்றுக்கு முப்பதை அந்தந்த நூலகமே தேர்ந்தெடுக்க விட வேண்டும். மீதி எழுபது இப்போது இருப்பது போலவே மையமாக நடக்கட்டும். மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

பாரக்கணக்கு
மறுக்கிறேன், காரணத்தோடுதான். பதிப்புத் தொழிலின் கணக்குத் தெரியாமல் இந்த முப்பதில் கை வைக்க வேண்டாம்.

பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம்; 160 பக்கம் என்றால் பத்துப் பாரம். ஆப்செட் அச்சில் பிளேட் போடுவது, மிஷினில் ஏற்றி மை சரிபார்ப்பது, முதலில் வீணாகும் தாள், இவையெல்லாம் 300 பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஏறக்குறைய ஒரே செலவு. ஆயிரம் அடித்தால் அது பிரதிக்குப் பிரதி பரவிவிடும். 300 அடித்தால் ஒவ்வொரு பிரதியின் தலையிலும் மூன்று மடங்குக்கு மேல் ஏறி உட்காரும். டிஜிட்டலில் நூறு, இருநூறு போடலாம்தான், ஆனால் பக்கத்துக்கு இவ்வளவு என்ற விலை அங்கே குறைவதே இல்லை. ஒரு கவிதைத் தொகுப்பும் ஒரு கல்வெட்டு ஆய்வும் ஆப்செட்டில் ஏறக் காரணம் நூலக ஆணை வரலாம் என்ற நம்பிக்கை.

முப்பது விழுக்காட்டைக் கிளைக்குக் கொடுத்தால் அங்கே என்ன வாங்குவார்கள்? போட்டித் தேர்வு கைடு, ஜோதிடம், சமையல், கோலப் புத்தகம். கேட்பவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவை கடையிலேயே விற்கும், நூலகப் பணம் அவற்றுக்குத் தேவையில்லை. முதலில் வெட்டு விழுவது மொழிபெயர்ப்புக்கும் கவிதைக்கும்தான்.

கிளைநூலகன்
பாரக்கணக்கு ஐயா, அந்தப் பாரத்திலிருந்தே பேசுவோம். நூலக ஆணையில் பாரத்துக்கு இவ்வளவு என்று ஒரே விலை வைத்தால் பாரத்தைக் கூட்டுகிறவருக்கு லாபம். பத்துப் பாரத்தில் அடங்க வேண்டிய நூல் பதினான்காகிறது. எழுத்து பெருக்கிறது, வரிக்கு வரி இடைவெளி விரிகிறது, அத்தியாயத்துக்கு முன்னால் வெற்றுப் பக்கம் நுழைகிறது. இன்னொரு பக்கம் 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம் எடை) மேப்லித்தோ தாள் போட வேண்டிய இடத்தில் 60 வந்து இறங்குகிறது. பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரியும்.

பைண்டிங்தான் மிக மோசம். முதுகில் பசை தடவி அட்டை ஒட்டிய நூல், ஒருவர் வாங்கி ஒருமுறை படித்து அலமாரியில் வைப்பதற்குப் போதும். நூலகத்தில் மாதத்துக்கு மூன்று கை மாறும். ஒரு கோடை வெயிலில் பசை காய்ந்து உடையும், நடுத்தாள்கள் கொத்தாகக் கழன்று வரும். மறுபைண்டிங் செய்யலாம் என்றால் உள் ஓரத்தில் அரை அங்குலம்கூட விட்டிருக்க மாட்டார்கள், தைத்தால் எழுத்து தையலுக்குள் போய்விடும். சிறுவர் நூல்களில் நடுவே அடிக்கும் கம்பிப் பின் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தாளையே அறுக்கும். நூலிழையால் தையல் போட்டால் பிரதிக்குச் சில ரூபாய் கூடும், ஆனால் பல ஆண்டு நிற்கும். வாங்கும் நிபந்தனையில் "நூலிழைத் தையல், உள் ஓரம் முக்கால் அங்குலம், தாள் 70-க்குக் குறையாமல்" என்று எழுதி, வந்த பார்சலில் பத்துக்கு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதைப் பார்க்கத் தகுதியானவர் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம்தான் யாரும் கேட்பதில்லை.

தணிக்கைக்கண்
பைண்டிங் பற்றி நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். முப்பது விழுக்காட்டை ஏற்கவில்லை. கணக்குப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும்.

மாநிலம் முழுக்க நாலாயிரத்துக்கு மேல் நூலகங்கள். ஒவ்வொன்றும் தானே வாங்கினால் நாலாயிரம் இடத்தில் பில், நாலாயிரம் இடத்தில் கழிவு, அதாவது விலைத் தள்ளுபடி. வழக்கமாகத் தவறும் இடங்களைச் சொல்கிறேன். கடைக்காரர் 25 விழுக்காடு கழிவு கொடுப்பார், பில்லில் 10 என்று இருக்கும். விற்காமல் தேங்கிய பழைய பதிப்பில் புது விலை ஒட்டி வரும். முன்பே இரண்டு பிரதி உள்ள நூல் மூன்றாவதாக வரும், காரணம் இருப்புப் பதிவேட்டைத் தலைப்பு வாரியாகத் தேட வழியில்லை. அது வரவு வரிசையில் எழுதப்படுவது. ஆசிரியர் உள்ளூர்ப் பிரமுகர் என்றால் அவர் நூல் ஐம்பது பிரதி வந்து நிற்கும்.

இதில் மாட்டுபவர் நூலகர். நாட்டுடைமை நூல்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949-இல் அரசு வாங்கிப் பின்னர் பொதுவுடைமை ஆக்கியது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், ஒவ்வொருவரும் தனி ஐஎஸ்பிஎன், அதாவது நூலுக்கான அடையாள எண், வாங்கலாம். எண்ணை வைத்துச் சரிபார்த்தால் எல்லாம் வெவ்வேறு நூல். பாடபேதம் ஒப்பிட்ட நல்ல பதிப்பும், எதிலிருந்தோ படியெடுத்துப் பிழையோடு கொட்டிய பதிப்பும் பட்டியலில் ஒரே மாதிரித் தெரியும். பிரித்தறியத் தேர்வுக்குழுவில் தமிழறிந்த ஒருவராவது வேண்டும். கிளை நூலகரிடம் இதைத் தள்ளுவது நியாயமில்லை.

ஓசூர்வாசகி
எல்லாரும் தமிழ் நூலைப் பற்றியே பேசுறீங்க. எங்க பக்கம் தெலுங்கும் கன்னடமும் படிக்கிறவங்க இருக்காங்க. ஆம்பூர், வாணியம்பாடியில உருது, குமரி எல்லையில மலையாளம். மையப் பட்டியல்ல இதெல்லாம் ஓரமா வரும், இல்லன்னா வரவே வராது. வர்றதும் எந்தக் கிளைக்குப் போகணுமோ அங்க போறதில்ல. ஒரு ஊர்ல எத்தனை பேர் எந்த மொழி படிக்கிறாங்கன்னு உறுப்பினர் பதிவேட்டைப் பார்த்தாலே நூலகருக்குத் தெரியும்.

போட்டித் தேர்வு கைடுன்னு பாரக்கணக்கு சார் லேசாத் தள்ளிட்டார். காலையில கதவு திறக்குறதுக்கு முன்னால வாசல்ல நிக்கிறவங்க அந்தப் பிள்ளைங்கதான். அவங்களுக்கு வேண்டியது கைடு இல்ல சார், ஆறிலேருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பாடநூல், அதுவும் இப்போதைய பதிப்பு. அது பாடநூல் கழகத்துல குறைஞ்ச விலைக்குக் கிடைக்குது. ஆனா நூலக ஆணை தனியார் பதிப்பாளருக்கான வழியாவே இருக்கிறதால ஒரு கிளைக்கு ஒரு முழு செட் சேர்றதே பெரிய பாடு. சின்னத் தொகைதான், நூலகர் கையில இருந்தா ஒரு வாரத்துல முடியுற வேலை.

கேரளத்துல எப்படி? கிரந்தசாலைங்க, அதாவது அங்க இருக்கிற ஊர் நூலகங்க, மானியத்தை வாங்கிக்கிட்டு, மாவட்ட நூலக கவுன்சில் நடத்துற புத்தக விழாவுக்குப் போய்த் தாங்களே பொறுக்கி எடுக்கிறாங்க. அங்க பதிப்புத் தொழில் செத்தா போச்சு?

தணிக்கைக்கண்
கேரள ஒப்பீட்டில் ஒரு கவனம் வேண்டும், அம்மா. 1945-இல் அம்பலப்புழையில் பி.என்.பணிக்கர் 47 நூலகங்களைக் கூட்டித் தொடங்கியது ஒரு சங்கம். இன்றும் அங்குள்ள நூலகம் என்பது ஊர்மக்கள் நடத்தும் அமைப்பு. உறுப்பினர்கள் சேர்ந்து நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தக் குழு நூல் வாங்குகிறது, தவறினால் ஊர் கேட்கும். அங்குள்ள நூலகருக்குக் கிடைப்பது சிறு படி, அரசுச் சம்பளம் அல்ல. நம்முடையது நேர்மாறு, நூலகம் அரசினுடையது, நூலகர் அரசு ஊழியர். வாங்கும் முறையை மட்டும் எடுத்து வந்து நட்டால், கேள்வி கேட்கும் குழு இல்லாமல் செலவழிக்கும் அதிகாரம் மட்டும் வந்து சேரும்.

கிளைநூலகன்
குழு இல்லை என்று சொல்லாதீர்கள், வாசகர் வட்டம் இருக்கிறது. பல ஊர்களில் அது பெயரளவில் இருக்கக் காரணமே, அதனிடம் முடிவு செய்ய ஒன்றும் இல்லாததுதான்.

பில், கழிவு பற்றிய அச்சத்துக்கு வழி சொல்கிறேன். நூலகர் கையில் ஒரு ரூபாய்கூட வர வேண்டாம்.

வாசகர் கேட்டுக் கிடைக்காத நூல்களை ஆண்டு முழுக்க ஒரு பதிவேட்டில் குறித்துவருவது முதல் வேலை: தேதி, உறுப்பினர் எண், தலைப்பு, எத்தனை பேர் கேட்டார்கள். வாசகர் வட்டம் அதிலிருந்து தொகையைப் போல ஒன்றரை மடங்கு மதிப்புக்குப் பட்டியல் போட வேண்டும், ஏனென்றால் பல நூல் அச்சில் இருக்காது. இப்போது எல்லா மாவட்டத்திலும் புத்தகத் திருவிழா நடக்கிறது. அங்கே நூலகர் நூலைக் கையில் எடுத்து, தையலை விரித்துப் பார்த்து, அரங்கில் ஒதுக்கி வைக்கச் சொல்கிறார். பட்டியல் மூன்று படி: ஒன்று அரங்கில், ஒன்று மாவட்ட நூலக அலுவலகத்தில், ஒன்று கிளையில். அலுவலகம் மாவட்டத்து இருப்போடு ஒப்பிட்டு இரட்டிப்பை நீக்கி ஆணை தருகிறது. கழிவு எல்லா அரங்குக்கும் முன்கூட்டியே அறிவித்த ஒரே விகிதம். நூல் கிளைக்கு வந்து, பாரம் விடுபட்டதா தலைகீழாக உள்ளதா என்று பார்த்து நூலகர் கையெழுத்திட்ட பிறகு, பணம் அலுவலகத்திலிருந்து நேரே பதிப்பாளர் வங்கிக் கணக்குக்குப் போகிறது.

இதில் கழிவு எங்கே ஒளியும், தணிக்கைக்கண் ஐயா?

பாரக்கணக்கு
ஒளியாது, சரி. எனக்கு வேறு கவலை. திருவிழாவில் அரங்கு வாடகை, ஆள் சம்பளம், லாரி வாடகை எல்லாம் கொடுத்து எல்லா மாவட்டத்துக்கும் போகக்கூடியவர் பெரிய பதிப்பாளரும், பல பதிப்பகத்தின் நூலைக் குவித்து விற்கும் விற்பனையாளரும்தான். ஆண்டுக்கு எட்டு நூல் போடுகிற சிறு பதிப்பகம் அங்கே இருக்காது. இணையவழியில் நூல் விவரம் ஏற்றும் முறை வந்த பிறகாவது அலுவலகத்துக்கு அலைச்சல் குறைந்தது. அந்த இணையப் பட்டியலையே நூலகருக்குத் திறந்து விடுங்கள், திருவிழாவுக்கு வராதவர் நூலையும் அவர் குறிக்கட்டும். அப்படியானால் பத்து விழுக்காடு வரை ஒப்புக்கொள்கிறேன். முப்பது அதிகம்.

இன்னொன்று, பணம் வரும் காலம். ஆணை வந்து, அச்சடித்து, மாவட்ட வாரியாகக் கட்டுக்கட்டி அனுப்பி, ஒவ்வொரு மாவட்டமும் தனித்தனியாகப் பட்டுவாடா செய்யும் வரை காத்திருக்க வேண்டும். சில உள்ளாட்சிகள் நூலக வரியை வசூலித்துவிட்டு ஒப்படைக்காமல் வைத்திருந்தால் அந்த மாவட்டத்துப் பில் நிற்கும். காகிதக்கடைக்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார். கிளைக் கொள்முதலும் இதே குழாயில் வந்தால் இதே அடைப்புதான்.

தணிக்கைக்கண்
நண்பரின் திட்டத்தில் பணப் பக்கம் சரியாக இருக்கிறது. ஆள் பக்கம் இல்லை.

ஊர்ப்புற நூலகத்தில் ஒரே ஒருவர். கதவு திறப்பது, நாளிதழ் அடுக்குவது, நூல் கொடுத்து வாங்குவது, சந்தா ரசீது, மாதாந்திர அறிக்கை எல்லாம் அவர். சிறப்புக் காலமுறை ஊதியத்தில் இருப்பவர்கள் பலர். முறையான காலமுறை ஊதியம் அவர்களின் நெடுநாள் கோரிக்கை. ஒரு நூல் வந்தால் பில்லோடு ஒப்பிட்டு, முத்திரையிட்டு, பதிவேட்டில் ஆசிரியர், தலைப்பு, பதிப்பாளர், ஆண்டு, பக்கம், பில் எண், விலை எழுதி, வகைப்பாட்டு எண் போட்டு, முதுகில் சீட்டும் உள்ளே தேதித்தாளும் ஒட்ட வேண்டும். பழகிய கைக்கும் பத்து நிமிடம். இருநூறு நூலுக்கு 33 மணி நேரம். அந்த நேரத்தில் கவுண்டரில் யார்?

இடமும் இல்லை. மூன்றடித் தட்டில் இருநூறு பக்க நூல் எண்பது வரை செருகலாம், எடுத்து வைக்கக் கை நுழைய வேண்டுமானால் அறுபதுதான். ஐந்து தட்டு அலமாரிக்கு முந்நூறு. பழையதைக் கழிக்காமல் புதியதை எங்கே வைப்பது? பல கிளைகளில் பார்சல் பிரிக்கப்படாமல் மூலையில் கிடக்கக் காரணம் சோம்பல் அல்ல, தட்டு இல்லை. மூலையில் தரையோடு கிடந்தால் கரையான் ஏறும், சுவரோடு ஒட்டினால் ஈரமும் இராமபாணப் பூச்சியும்.

கிளைநூலகன்
கழிக்க ஏன் பயப்படுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இருப்புச் சரிபார்ப்பில் ஒரு நூல் குறைந்தால் விலையை நூலகர் கட்ட வேண்டி வருகிறது. அதனால் கந்தலும் இருப்பில் இருந்தாக வேண்டும், நல்ல நூல் பூட்டிய அலமாரியில் இருந்தாக வேண்டும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் விதி 215-ஐப் பாருங்கள். ஆண்டில் புழங்கிய ஆயிரம் நூலுக்கு ஐந்து காணாமல் போவது இயல்பான இழப்பு, நேர்மையின்மையோ அலட்சியமோ இல்லை என்றால். ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் போனால் மட்டும் கட்டாயம் விசாரணை. இந்த அளவுகோல் ஊர்ப்புற நூலகருக்கும் பொருந்தட்டும். அலமாரிப் பூட்டு தானே திறக்கும்.

எல்லாவற்றையும் காலத்துக்கும் காப்பது கிளையின் வேலையும் அல்ல. அதற்கு 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டம் இருக்கிறது. நூல் வெளியான முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம், மும்பை, டெல்லி என்று நான்கு இடத்துக்கும் பதிப்பாளர் தம் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். தவறினால் ஐம்பது ரூபாய் வரை அபராதமும் நூலின் விலையும். அபராதம் அற்பம் என்பது வேறு சண்டை. கன்னிமாராவில் ஒரு பிரதி பத்திரமாக இருந்தால், கிளையில் கிழிந்த பிரதியைக் கழிப்பதால் தமிழுக்கு ஒன்றும் குறையாது.

பாரக்கணக்கு ஐயா, பத்தில் தொடங்கலாம். இணையப் பட்டியலைத் திறப்பது என் திட்டத்தைவிட நல்ல யோசனை, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் தொகையைச் சதவீதத்தில் மட்டும் வைத்தால் வரி வசூல் குறைந்த ஊருக்கு எதுவும் வராது. மலைக்கிராம நூலகத்துக்கும் குறைந்தபட்சம் ஒரு செட் பாடநூலும் ஐம்பது சிறுவர் நூலும் வாங்குமளவு அடித்தளத் தொகை வேண்டும்.

ஓசூர்வாசகி
அந்தக் "கேட்டுக் கிடைக்காத நூல்" பதிவேட்டுக்கு எந்த அரசாணையும் வேண்டாமே. நாற்பது பக்க நோட்டு ஒண்ணு போதும். நூலகர் எழுத நேரமில்லன்னா வாசகர் வட்டத்துல ஒருத்தர் எழுதலாம். ஒரு வருஷம் பத்துக் கிளையில எழுதி, பக்கத்துலயே அந்த வருஷம் வந்த ஆணைப் பட்டியலையும் வைங்க. எத்தனை தலைப்பு ரெண்டுலயும் இருக்குன்னு எண்ணினா பத்தா முப்பதான்னு அப்புறம் பேசலாம். மொழிக்கு ஒரு கட்டம் போட மறந்துடாதீங்க.

தணிக்கைக்கண்
உறுப்பினர் எண்ணும் தேதியும் இருந்தால் அந்தப் பதிவேட்டை நானே ஆதாரமாக ஏற்பேன். பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு, முதல் பக்கத்தில் மொத்தப் பக்கத்தைச் சான்றிட்டு வையுங்கள், இடையில் தாள் செருக முடியாது.