தெருவுல எடுக்குற போட்டோ மட்டும் ஏன் இழுத்த மாதிரி வருது?

மூடுபனி:
வணக்கம் மக்களே. மூணு வருஷமா லேண்ட்ஸ்கேப் மட்டும்தான் எடுத்துட்டிருந்தேன், மலை, ஏரி, விடியக்காலை வெளிச்சம்னு, ட்ரைபாட்ல வச்சு எஃப்/11 (லென்ஸ் துளைய சின்னதாக்கி), ஐஎஸ்ஓ 100 (வெளிச்சத்த உணர்ற அளவ கொறச்சு), அது ஓரளவு கைக்கு வந்துடுச்சு. போன மாசம் டூர் போனப்ப தெருவையும் எடுத்துப் பாப்போம்னு ஒரு 400 ஃப்ரேம் தட்டிட்டு வந்து பெரிய ஸ்க்ரீன்ல பாத்தா பாதிப் பேருக்கு முகமே இல்ல. ஷார்ப்பா வந்ததும் ஒளிஞ்சிருந்து எடுத்த மாதிரி உயிரில்லாம கெடக்கு. க்ராப் சென்சார் (சின்ன சென்சார்) பாடி, 18-55, 55-250 எம்எம் ஜூம் லென்ஸ் ரெண்டும் இருக்கு, கிட்ட போக கூச்சப்பட்டு பெரிய ஜூமைத்தான் போட்டிருந்தேன். ஸ்டெபிலைசேஷன் ஆன்லதான் இருந்துச்சு. 35 எம்எம் ப்ரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) வாங்கினா சரியாகுமா?

பழையரோல்:
காச அப்புறம் செலவு பண்ணலாம், மொதல்ல எக்ஸிஃப் (படத்தோட சேந்து பதிவாகுற செட்டிங்ஸ்) பாத்து ஷட்டர் எவ்வளவு நேரம் தொறந்திருந்துச்சுன்னு சொல்லுங்க.

மூடுபனி:
அபெர்ச்சர் ப்ரையாரிட்டி (துளைய நான் வைப்பேன், ஷட்டர கேமராவே வச்சுக்கும்), எஃப்/11, ஐஎஸ்ஓ 100. நிழல்ல எடுத்ததெல்லாம் 1/40, 1/30 செகண்ட். ஐயோ.

பழையரோல்:
அதேதான். மலை நடக்காது ப்ரோ, மனுஷன் நடப்பான். ஸ்டெபிலைசேஷன் உங்க கை ஆடுறதத்தான் சரி பண்ணும், எதிர்ல போறவர் கால அது நிறுத்தாது. எஃப்/8, ஷட்டர் கொறஞ்சது 1/250, கிட்டக்க குறுக்கால போறவங்கன்னா 1/500, ஐஎஸ்ஓவ ஆட்டோல விட்டுடுங்க. அதே நிழல்ல 1/250க்கு ஐஎஸ்ஓ 400 பக்கம்தான் வரும், 1/500க்கு 800. இதுக்குப் போய் படத்துல புள்ளி புள்ளியா நாய்ஸ் வரும்னு பயப்படுறது லேண்ட்ஸ்கேப்காரங்க வியாதி (எனக்கும் இருந்துச்சு).

ஓரக்கண்:
மேல சொன்னது சரி, ஆனா உயிரில்லாம இருக்குன்னு சொன்னீங்களே, அதுக்குக் காரணம் தூரம். 250 எம்எம் ஜூம்ல எடுத்தா நீங்க தெருவுக்கு வெளிய நிக்கிறீங்க, அது படத்துலயே தெரியும். 18-55ஐயே 23 எம்எம்ல வச்சு, ஒரு ரெண்டரை மீட்டர்ல இருக்கற எதையாவது ஃபோகஸ் பண்ணி, உடனே ஃபோகஸ மேனுவலுக்கு மாத்திடுங்க. எஃப்/8ல சுமாரா ஒன்றரை மீட்டர்லேர்ந்து பத்து மீட்டர் வரைக்கும் ஷார்ப்பா இருக்கும், ஃபோகஸ் தேடுற வேலையே இல்ல. ஜூம் ரிங் நகந்துடாம பாத்துக்கோங்க.
கூச்சத்துக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரே மருந்து, நடக்காம நிக்கிறது. ஏரிக்கரைல வெளிச்சத்துக்காக ரெண்டு மணி நேரம் ஒக்காந்தவர்தானே நீங்க? நல்ல வெயில் துண்டு விழுற மூலையா பாத்து நின்னுக்கோங்க, ஆளுங்க தானா ஃப்ரேமுக்குள்ள வருவாங்க, அவங்க பார்வைல நீங்க முன்னாடியே அங்க இருந்தவர். யாராவது பாத்துட்டா கேமராவ ஒளிக்காதீங்க, சிரிச்சுட்டு ஸ்க்ரீன்ல காட்டுங்க. வேண்டாம்னா அவங்க முன்னாடியே அழிச்சுடுங்க, வாதம் பண்ணாதீங்க.

சும்மாசுத்தி:
35 ப்ரைம் க்ராப் பாடில கிட்டத்தட்ட 50 எம்எம் மாதிரி ஆயிடும், காட்சி குறுகிடும், நெரிசலான எடத்துல பின்னாடி நகர எடமிருக்காது. இப்போதைக்கு வேணாம்.

மூடுபனி:
ரெண்டு வாரம் கழிச்சு வரேன். ஒரே மூலைல ஒன்றரை மணி நேரம் நின்னேன், 60 ஃப்ரேம்ல நாலு தேறுச்சு, அதுல ஒண்ணுல ஒரு பெரியவர் நேரா லென்ஸப் பாக்குறார், அத ப்ரிண்ட் போடப் போறேன். மறுநாள் காலைல மலைக்குப் போனேன். லென்ஸ் இன்னும் மேனுவல்ல, ரெண்டரை மீட்டர்லயே இருந்திருக்கு. முப்பது படம், மலை பூரா மசமசன்னு.

ஓரக்கண்:
😂 சங்கத்துக்கு வரவேற்கிறோம்.