பொருள்: 'மின்னரம்புத் தூண்டல்' சரியா? வெள்ளிக்கிழமைக்குள் சொல் வேண்டும்

கோத்தகிரியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். நாள்பட்ட மலச்சிக்கலுக்கு நரம்பை மின்சாரத்தால் தூண்டும் சிகிச்சை பற்றிய துண்டறிக்கையைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. படிக்கப்போவது தேயிலைத் தோட்டத்து மக்கள். கணுக்காலின் உட்பக்கம், எலும்புக்குச் சற்று மேலே மெல்லிய ஊசி செருகி லேசான மின்னோட்டம் விடுவார்கள். ஒருமுறைக்கு 30 நிமிடம், வாரம் ஒருமுறை, 12 வாரம். 'மின்னரம்புத் தூண்டல்' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

உதகையிலிருந்து:

அம்மா, பொன்னும் நகரும் பொன்னகர் ஆனதுபோல மின்னும் நரம்பும் மின்னரம்பு. புணர்ச்சி சரி, பொருள்தான் பிசகு. நரம்பே மின்சாரத்தால் ஆனது என்றாகிறது. 'நரம்பு மின்தூண்டல்' தேவலை. ஆனால் நரம்பு என்பது யாழின் தந்தியும் அல்லவா? தொல்காப்பிய நூன்மரபின் கடைசி நூற்பாவில் வரும் 'நரம்பின் மறை' இசைநூலைத்தான் குறிக்கிறது. தூண்டுவது விளக்குத் திரியை. நரம்பை மீட்ட வேண்டும். 'நரம்பு மீட்டல்' என்று வையுங்கள்.

குன்னூரிலிருந்து:

ஐயா, மீட்டல் என்றால் இங்கே அடகு நகைதான் ஞாபகம் வரும். நான் வார்டில் நிற்பவள். 'நரம்பு ஊசி' என்றால் நோயாளிகளுக்கு அது ரத்தக்குழாயில் போடுவது. 'கரண்ட் வைப்பது' என்றால் மனநோய்க்குத் தலையில் வைக்கும் ஷாக். போன மாதம் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர், "வெளிக்குப் போகலைன்னுதானே வந்தேன், மூளைக்கு எதுக்குக் கரண்ட்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். பெருவிரல் தானாக மடங்கும், பாதத்தில் குறுகுறுக்கும், அவ்வளவுதான் என்று சொல்லக்கூட எனக்கு நேரம் தரவில்லை. 'மின்' வேண்டாம். 'கால்நரம்புத் தூண்டல்' போதும்.

கொடைக்கானலிலிருந்து:

சகோதரி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் சம்மதக் கையெழுத்து வாங்கும் சிகிச்சையில் மின்சாரத்தை மறைக்கலாமா? பாதியில் தெரிந்தால் அடுத்த வாரம் வரமாட்டார்கள். அதோடு, இன்னொரு முறையில் மின்முனையை வைப்பது இடுப்புக்குப் பின்னால் உள்ள திருவெலும்பின் துளை வழியாக. (அந்த எலும்பைப் புனித எலும்பு என்றே லத்தீனிலும் சொன்னார்கள், 'திரு' அப்படி வந்ததுதான்.) அங்கே 'கால்நரம்பு' உதவாது.

கோத்தகிரியிலிருந்து:

சரி, தலைப்பில் 'நரம்பு மின்தூண்டல்' போடுகிறேன். அடியிலேயே பெரிய எழுத்தில், "கணுக்காலில் மட்டும் லேசான கரண்ட். தலையில் எதுவும் வைப்பதில்லை." மலச்சிக்கலுக்கு இது உதவும் என்பது இன்னும் உறுதியாகவில்லை. அதையும் ஒரு வரி சேர்க்கிறேன்.

குன்னூரிலிருந்து:

அந்த 'தலையில் எதுவும் வைப்பதில்லை' வரியைத் தலைப்புக்கு மேலே போடுங்கள் அக்கா. 'மின்' என்று பார்த்ததுமே மடித்துவிடுவார்கள்.

உதகையிலிருந்து:

அச்சுக்குப் போகட்டும். மீட்டலை நான் விடுவதாக இல்லை. அடுத்த பதிப்பில் பேசுவோம்.