பழைய தார்ச் சாலைக்கு மேற்பூச்சு போதுமா, பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமா?

கேள்வி – குடியிருப்புச் சங்கச் செயலாளர், கோவை

வணக்கம். எங்கள் வளாகத்துக்குள் ஏறத்தாழ 300 மீட்டர் நீளத்துக்கு, பத்தாண்டுகளுக்கு முன் போட்ட தார்ச் சாலை இருக்கிறது. கருமை வெளுத்துச் சாம்பல் நிறமாகி ஜல்லி மேலே தெரிகிறது; நீளவாக்கில் மெல்லிய விரிசல்கள் ஓடுகின்றன; வாயிலருகே குப்பை லாரி திரும்பும் இடம் மட்டும் முதலைத்தோல்போலக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கிறது. முழுவதற்கும் கருப்புப் பூச்சு அடித்தால் புதுச் சாலையாகிவிடும் என்கிறார் ஓர் ஒப்பந்தக்காரர். இருப்பதன் மேலேயே 40 மில்லிமீட்டர் கனத்தில் புதிய அடுக்குப் போடலாம் என்கிறார் மற்றவர். யார் சொல்வதை ஏற்பது?

பதில் – ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர்

இருவர் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம். நாம் தார் என்று சொல்வது உண்மையில் கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் பிட்டுமென். வெயிலும் காற்றும் பட்டு அது ஆண்டுக்கு ஆண்டு இறுகி, ஒட்டும் தன்மையும் நெகிழ்வும் குறைந்து, மேலுள்ள சிறு கற்களை விட்டுவிடுகிறது. உங்கள் சாலையின் பெரும்பகுதியில் நடந்திருப்பது இதுதான் என்பதால், அங்கே மெதுவாக இறுகும் எஸ்.எஸ்.1 வகை எமல்ஷனை (பிட்டுமெனை நுண்துளிகளாக நீரில் கலந்த கரைசல்) மேலும் நீர் கலந்து மெல்லத் தெளிப்பதோ, எமல்ஷனுடன் கல்தூள் குழைத்துச் சில மில்லிமீட்டர் கனத்தில் பரப்புவதோ பலன் தரும். ஜல்லி வெளியே தெரியும் அளவுக்குத் தேய்ந்திருப்பதால் நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன்.

ஆனால் வாயிலருகே உள்ள முதலைத்தோல் விரிசல் மேற்பரப்பின் நோய் அன்று. அடித்தளம் நீரில் ஊறி வலுவிழந்து, ஒவ்வொரு லாரிக்கும் அமிழ்ந்து எழுவதால் மேலடுக்கு களைத்து உடைந்திருக்கிறது. அதன்மேல் எதைப் பூசினாலும் அடுத்த மழைக்காலத்திலேயே அதே கட்டங்கள் திரும்பத் தெரியும். அந்த இடத்தைச் சதுரமாக வெட்டி, ஈர மண்ணை அகற்றி, ஜல்லி நிரப்பி இறுக்கி, பிறகுதான் தார்க் கலவை போட வேண்டும். அதற்கும் முன்னால், அங்கே தண்ணீர் ஏன் தேங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அடைபட்ட வடிகாலோ கசியும் குழாயோதான் காரணமாக இருக்கும்.

நீளவாட்டு விரிசல்களைக் கம்ப்ரசர் காற்றால் ஊதித் தூசு போக்கி, ரப்பர் கலந்த பிட்டுமெனைச் சூடாக ஊற்றி அடைக்கலாம். இந்த வேலைகளெல்லாம் முடிந்த பின்னரே மேற்பூச்சு.

பதில் – சென்னைவாசி

40 மில்லிமீட்டர் யோசனையைப் பற்றி ஒரு சொல். சுரண்டாமல் அடுக்கின்மேல் அடுக்காகப் போட்டதால் எங்கள் தெரு வீட்டுப் படிகளைத் தாண்டி உயர்ந்து, மழைநீர் கூடத்துக்கே வந்துவிட்டது. பழைய அடுக்கைச் சுரண்டிய பிறகே புதியது போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் அறிவுறுத்தியது பொதுச் சாலைகளுக்குத்தான் என்றாலும், வளாகத்துக்கும் அதே நியாயம் பொருந்தும்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா. வண்டி நிறுத்துமிடத்தில் எண்ணெய்க் கறைகள் இருக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடலாமா? அமெரிக்கக் காணொளிகளில் காட்டும் நிலக்கரித்தார்ப் பூச்சு எண்ணெயைத் தாங்கும் என்கிறார்களே?

பதில் – ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர்

அது எண்ணெயைத் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் அதிலுள்ள நச்சு ஹைட்ரோகார்பன்கள் தேய்ந்து நீர்நிலைகளில் சேர்வதால், டெக்சஸின் ஆஸ்டின் நகரம் 2006-லும் வாஷிங்டன் மாநிலம் 2011-லும் அதைத் தடை செய்தன. குழந்தைகள் விளையாடும் வளாகத்துக்கு அது வேண்டாம். டீசலும் எஞ்சின் எண்ணெயும் பிட்டுமெனைக் கரைப்பதால், கறை பட்ட இடம் இளகியிருந்தால் அதை வெட்டி மாற்றுங்கள்; இளகாவிட்டால் சோப்புக்கரைசலால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டுப் பூசுங்கள்.

ஈரமில்லாத, வெயிலுள்ள நாளாகத் தேர்ந்துகொண்டால் மழைக்கு முன்பே முடிக்கலாம். எமல்ஷன் தெளிக்கும்போது பழுப்பாக இருந்து, நீர் பிரிந்ததும் கறுக்கும். அப்படிக் கறுத்து, கையில் ஒட்டாமல் காயும்வரை வண்டிகளை விடாதீர்கள். விலைப்புள்ளியில் சதுர மீட்டருக்கு எத்தனை லிட்டர், எந்த வகை எமல்ஷன் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வெறும் ‘கருப்புப் பூச்சு’ என்றிருந்தால் கையெழுத்திட வேண்டாம்.