20 சதவீத எத்தனால் பெட்ரோல்: காசு யாருக்கு, நஷ்டம் யாருக்கு?

மதுரைவேலன்:
எங்கள் ஊர் பெட்ரோல் பங்க்குகளில் சாதாரண பெட்ரோல் என்று கேட்டால் 20 சதவீதம் எத்தனால், அதாவது கரும்பு, தானியத்திலிருந்து எடுக்கும் ஆல்கஹால், கலந்ததுதான் கிடைக்கிறது. என் பைக் 2016 மாடல். இந்தக் கலவையைத் தாங்கும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் 2023 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகளில்தான் இருக்கின்றன. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் மைலேஜ் இறங்கத்தான் செய்யும். 2021-ல் வந்த, மத்திய அரசுக்குக் கொள்கை ஆலோசனை சொல்லும் நிதி ஆயோக்கின் அறிக்கையே பழைய பைக்குகளில் 3-4 சதவீதம், கார்களில் 6-7 சதவீதம் குறையும், அதை ஈடுகட்ட வரியைக் குறைத்து மலிவாக விற்க வேண்டும் என்று எழுதியது. மைலேஜ் குறைந்துவிட்டது, விலை குறையவில்லை. ஏன்?

கரும்புக்காடு:
வேலன் சார், நான் விழுப்புரம் பக்கம் கரும்பு போடுகிறவன். வெட்டி அனுப்பிவிட்டு ஆலை எப்போது பணம் தரும் என்று மாதக்கணக்கில் காத்துக் கிடந்திருக்கிறோம். சர்க்கரை விற்றால்தான் ஆலை கையில் காசு. எத்தனால் வாங்கும் எண்ணெய் நிறுவனங்கள் சீக்கிரம் பணம் கொடுத்துவிடுவதால் எங்கள் பாக்கியும் குறைகிறது. இன்னொன்று, நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் பீப்பாய் 100 டாலரைத் தாண்டியதே, அந்தப் பணம் யாருக்குப் போனது? பிரேசில் 1973 எண்ணெய் நெருக்கடியில் அடிபட்டு 1975-லேயே எத்தனால் திட்டத்தைத் தொடங்கியது, இன்று 30 சதவீதம் கலக்கிறது. நாம் இப்போதுதான் 20-க்கு வந்திருக்கிறோம்.

நாமக்கல் பண்ணை:
அண்ணே, கரும்பை மட்டும் வைத்துப் பேசாதீர்கள். இப்போது தானியத்திலிருந்துதான் நிறைய எத்தனால் எடுக்கிறார்கள், அதிலும் முக்கியமாக மக்காச்சோளம். கோழித்தீவனத்தில் பாதிக்கு மேல் அதுதான். ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024-ல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் மக்காச்சோளம் வாங்க வேண்டி வந்தது. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கப் போய் தீவனத்தை இறக்குமதி செய்கிறோம் என்றால் டாலர் எப்படி மிச்சமாகும்? தீவன விலை ஏறினால் சின்னப் பண்ணைக்காரன் தாங்க மாட்டான்.

கரும்புக்காடு:
மக்காச்சோளம் போடும் விவசாயிக்கு நல்ல விலை கிடைப்பது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறதா? அவனும் நம்மைப் போன்றவன்தானே தம்பி.

நாமக்கல் பண்ணை:
அவனுக்கு விலை கிடைக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. விளைச்சல் எவ்வளவு என்று பார்த்துவிட்டுக் கலவையை ஏற்றியிருக்க வேண்டும். 2030-க்குள் என்று வைத்த இலக்கை 2025-26-க்கு இழுத்தார்கள், அந்த அவசரம் எதற்கு? தண்ணீரையும் சொல்கிறேன், கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க ஏறக்குறைய 2,860 லிட்டர் தண்ணீர் ஆகும் என்று வேலன் சொன்ன அதே அறிக்கையில் இருக்கிறது.

கரும்புக்காடு:
எத்தனால் வந்தாலும் வராவிட்டாலும் எங்கள் பக்கம் கரும்பு போடத்தான் போகிறோம். சர்க்கரை தேங்கி விலை விழுவதற்கு இது மேல். விலை பற்றி வேலன் சாருக்கு ஒன்று: 2025-ல் அரசு சொன்ன கணக்கில் எத்தனால் கொள்முதல் சராசரி லிட்டருக்கு 71.32 ரூபாய். வரிக்கு முந்தைய பெட்ரோலைவிட அது அதிகம். கலப்பதால் பெட்ரோல் மலிவாகாது.

மதுரைவேலன்:
சரி, எத்தனால் மலிவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அப்போது வரியில்தான் குறைக்க வேண்டும், அறிக்கை சொன்னதும் அதைத்தான். பிரேசிலை இழுத்தீர்களே, அங்கே அதே பங்க்கில் தனி எத்தனாலும் விற்கிறார்கள். 2003-லிருந்து இரண்டிலும் ஓடும் கார்கள் வந்துவிட்டன. எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதைப் போடுவார்கள், இல்லையென்றால் இதை. எது போடுவது என்று வண்டிக்காரன் முடிவு செய்கிறான். இங்கே எத்தனால் கலக்காத பெட்ரோலும் வேண்டும் என்று போட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. நான் கேட்பது அதைவிடச் சின்னது. பழைய வண்டிக்கு 10 சதவீதக் கலவையை ஒரு பம்பில் வையுங்கள், எந்த பம்பில் எத்தனை சதவீதம் என்று பெரிதாக எழுதுங்கள்.

கரும்புக்காடு:
எழுதுவதற்கு யார் மறுப்பு சொல்வார்கள்? தனி டேங்க், தனி லாரி என்றால் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

மதுரைவேலன்:
இப்போது கார்புரேட்டர் வேலைக்கும் ஹோஸ் மாற்றவும் ஆகிற செலவு என் தலையில்தானே விழுகிறது அண்ணே.