மறு: எச்சக் கஞ்சியா, மிச்சப் பசையா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

நெசவுக்காக நூலில் போட்ட கஞ்சி, சாயம் ஏற்றுமுன் துணியிலிருந்து போய்விட்டதா என்று அயோடினால் பார்க்கும் சோதனைக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். இங்கே மொரிஷியஸில், போர்ட் லூயிக்குப் பக்கத்து மில்லுக்கான அந்தச் சோதனையின் சுவர் அட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அதைப் படிக்கப்போகிறவர்கள் திருப்பூர், ஈரோட்டிலிருந்து வந்து வேலை பார்க்கும் பிள்ளைகள். தலைப்புதான் இன்னும் முடியவில்லை.

> நெடுநல்வாடையில் 'காடி கொண்ட கழுவுறு கலிங்கம்' இருக்கும்போது கஞ்சி எதற்கு?

ஐயா, கஞ்சியைக் காடி என்னும் அந்த அடி எனக்கும் உயிர். மதுரைக்காஞ்சியிலும் 'சோறமைவுற்ற நீருடைக் கலிங்கம்' உண்டு. ஆனால் சாயப்பட்டறையில் அசிட்டிக் ஆசிட் டிரம் டிரம்மாக நிற்கிறது. இன்றைய அகராதியில் காடி என்றால் அந்தப் புளிப்புதான். 'காடி இருக்கிறதா பார்' என்றால் பையன் பிஎச் தாளைத்தான் எடுப்பான்.

> பசை என்று வையுங்கள். குறுந்தொகை 330-இல் புலைத்தி பசைதோய்த்துத்தானே எடுக்கிறாள்?

அக்கா, சொல் பழையதுதான். இங்கே இடம் கொள்ளாது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கு இன்று மாவுக் கஞ்சி மட்டுமா போடுகிறார்கள்? அக்ரிலிக், சிஎம்சி (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) என்று வேறு பசைகளும் சேர்கின்றன. துணியை அயோடின் கரைசலில் ஒரு நிமிடம் முக்கி, குளிர்ந்த நீரில் அலசி, ஒற்றி எடுத்து, உடனே 1 முதல் 9 வரை எண்ணிட்ட ஊதா நிற அளவுகோலோடு வைத்துப் பார்க்கிறோம். 1 வந்தால் கஞ்சி அப்படியே இருக்கிறது, 9 வந்தால் கஞ்சி இல்லை. ஆனால் 9 வந்த துணியிலும் அக்ரிலிக் பசை ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதைப் 'பசைச் சோதனையில் தேறியது' என்று எழுதினால் பொய்யாகிவிடும். சாயம் திட்டுத்திட்டாக ஏறிய பிறகுதான் தெரியவரும்.

கஞ்சி மாவுக்கான பிரெஞ்சுச் சொல் 'அமிதோன்' பற்றி வந்த மடலை ரசித்துப் படித்தேன். ஆலையில் அரைக்காதது என்ற கிரேக்கச் சொல்லே அதற்கு மூலம். கஞ்சியை அறுக்க நாம் போடும் அமைலேஸ் நொதியின் பெயரும் அங்கிருந்து வந்ததுதான். நம் வீட்டுக் குழந்தைகளுக்கு அது கிரியோல் வழியாகத் தெரியும். ஈரோட்டுப் பிள்ளைக்குத் தெரியாது. நம் மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் இருப்பதுபோல் அளவுகோலைத் தமிழ் எண்ணில், ௧ முதல் ௯ வரை, போடலாம் என்ற யோசனையையும் அதே காரணத்தால் தயக்கத்தோடு விடுகிறேன்.

'எச்சம்' இலக்கணத்தில் பெயரெச்சம், வினையெச்சம். குறளில் 'எச்சத்தாற் காணப்படும்'. பேச்சிலோ பறவை போடுவது. துணி மேல் அந்தச் சொல் வேண்டாம்.

போன மாதம் ஒரு மாணவன் உலர்த்தியிலிருந்து வந்த சூட்டோடு துணியில் ஒரு சொட்டு அயோடின் விட்டான். மஞ்சளாகவே நின்றது. 'கஞ்சி போயிடுச்சு சார்' என்றான். துணி ஆறட்டும் என்றேன். ஆறிய துணியில் பக்கத்திலேயே இன்னொரு சொட்டு விட்டதும் கருநீலம் படர்ந்தது. அப்புறம் அவன் பேசவே இல்லை. 'ஆறவிட்டுச் சொட்டு விடவும்' என்ற வரி தலைப்பை விடப் பெரிய எழுத்தில் வரவேண்டும் என்று கேட்கிறேன். காரம் (ஆல்கலி) மிச்சமிருக்கும் துணியிலும் இதே ஏமாற்றம் நடக்கும். அதையும் ஒரு வரியில் சேர்க்கிறேன்.

இதுவரை ஐந்து பேர் 'மிச்சக் கஞ்சிச் சோதனை'க்குச் சரி என்றிருக்கிறார்கள். காடியை விடமாட்டேன் என்கிறார் ஐயா. வியாழன் இரவுக்குள் வேறு சொல் வராவிட்டால் மிச்சக் கஞ்சியையே அனுப்பிவிடுகிறேன். ஐயாவின் மறுப்பு குழுமத்தின் சொல்பட்டியலில் அப்படியே இருக்கட்டும்.