டெல்டா கோப்புக்குத் தமிழ்ச்சொல்: ‘திருத்த நறுக்கு’

அன்புள்ள குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு கோப்பு மாறும்போது முழுதையும் அல்லாமல் மாறியதை மட்டும் இறக்கிக்கொள்ளும் ‘டெல்டா அப்டேட்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நான்கு நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். பிரிக்பீல்ட்ஸ் நண்பர் ‘வேறுபாட்டுக் கோப்பு’ என்றார். இன்னொருவர் ‘ஒட்டு’ (பேட்ச்) போதும் என்றார். ஈப்போ அண்ணன், டெல்டா என்றே எழுதிவிடுங்கள் என்கிறார். என் சொல்லைச் சொல்லுமுன், நான் எழுதிய கையேட்டால் நேர்ந்த ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். அது ஒரு சொல்லால் வந்த குழப்பம்.

இங்கே மலேசியாவில், நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியின் கணினி அறையைப் பார்த்துக்கொள்ள உதவுகிறேன். அங்கே இணைய வேகம் மிகக் குறைவு. மழை பிடித்தால் அதுவும் போய்விடும். கணினிகளில் க்ளாம்ஏவி என்ற நச்சுநிரல் தடுப்பியைப் போட்டிருக்கிறோம். நச்சுநிரல்களை அடையாளம் காண உதவும் அதன் தரவுத்தளம் மெயின், டெய்லி, பைட்கோட் என்று மூன்று கோப்புகளாக வரும். மெயின் பெரியது, எப்போதாவதுதான் மாறும். டெய்லி, பெயருக்கேற்ப அநேகமாகத் தினமும் மாறும். அந்தக் கோப்பு 60 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 256 கிலோபிட் இணைப்பில், எங்கும் தடைபடாமல் வந்தாலே அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே தடைபடாமல் வந்த நாளை நான் பார்த்ததில்லை.

பட்டர்வொர்த்தில் என் வீட்டுக் கணினியில் அந்தக் கோப்புகளின் படி ஒன்றை வைத்து, பள்ளி அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தேன். கையேட்டில் இரண்டு வழிகளை எழுதினேன். ஒன்று, அறுந்துபோன பதிவிறக்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்வது. மற்றொன்று, மாறிய விவரத்தை மட்டும் கொண்டுவருவது. இரண்டுக்கும் ‘பகுதி இறக்கம்’ என்றே எழுதிவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை மாலை, மூன்றில் இரண்டு பங்கு வந்த நிலையில் இணைப்பு அறுந்தது. மறுநாள் காலை ஆசிரியர் தொடரும் கட்டளையைக் கொடுத்தார். அதற்குள் என் வீட்டுக் கணினியில் செவ்வாய்க்கிழமைக் கோப்பு வந்துவிட்டது. கட்டளை அதைக் கவனிக்கவில்லை. திங்கள் எந்த பைட்டில் நின்றதோ அதற்கு அடுத்த பைட்டிலிருந்து செவ்வாய்க் கோப்பை எடுத்து ஒட்டியது. தலை ஒரு நாளுடையது, வால் இன்னொரு நாளுடையது. க்ளாம்ஏவி மின்கையொப்பத்தைச் சரிபார்க்கும் என்பதால் கோப்பை ஏற்க மறுத்துவிட்டது. “பகுதி இறக்கம் மாறினத மட்டும் கொண்டாரும்னுதானே சார் எழுதியிருக்கீங்க?” என்று கேட்டார் ஆசிரியர். அவர் படித்தது சரிதான், நான் எழுதியதுதான் தவறு.

இதற்கு, இணையத்தில் கோப்புகளைக் கேட்டுப் பெறும் ஹெச்டிடிபி நெறிமுறையிலேயே மருந்து உண்டு. இஃப்-ரேஞ்ச் என்ற தலைப்புவரியை அனுப்பினால், ‘என்னிடம் இருக்கும் பாதிக்கு உரிய கோப்பு இன்னும் மாறவில்லை என்றால் மீதியைக் கொடு, மாறிவிட்டால் முழுதையும் கொடு’ என்று கேட்டதாகும். நான் எழுதித் தந்த கட்டளை அப்படிக் கேட்கவில்லை. அதைத் திருத்திவிட்டேன். ஆனால் சொல்லையும் திருத்தியாக வேண்டும்.

மாறியதை மட்டும் கொண்டுவரும் கோப்புக்கு க்ளாம்ஏவியில் சிடிஃப் என்று பெயர். அதன் உள்ளே இருப்பவை கட்டளைகள்: இந்தப் பட்டியலைத் திற, இந்த வரியைச் சேர், அந்த வரியை நீக்கு, இதை எடுத்துவிட்டு அதை வை, மூடு. தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், செய்தது போலத்தான். புதிதாக ஓர் ஆள் வந்தால் பெயரைச் சேர்ப்பார், ஒருவர் போய்விட்டால் அடிப்பார். அதற்காகப் புத்தகம் முழுதையும் மறுபடி எழுதமாட்டார். நம்மிடம் இருப்பது 5-ஆம் பதிப்பு, புதியது 8 என்றால், 6, 7, 8 ஆகிய மூன்று சிடிஃப்களும் வரிசையாக ஏற வேண்டும். இடையில் ஒன்று கிடைக்காவிட்டாலும், ரொம்பப் பின்தங்கிவிட்டாலும் முழுக்கோப்புதான்.

சரி, இதை வைத்துக்கொண்டு சொற்களைப் பார்ப்போம்.

‘வேறுபாடு’ இரண்டை ஒப்பிட்டுப் பார்த்தவருக்குத் தெரிவது. கம்பியில் இறங்கி வந்து நம் கோப்பை மாற்றும் பொருளுக்கு அந்தப் பெயர் எனக்குப் பொருந்தவில்லை. ‘ஒட்டு’ நல்ல சொல், ஆனால் கிழிசலுக்குத்தான் ஒட்டு. இங்கே எதுவும் கிழியவில்லை. நேற்றைய பட்டியல் பழையதாகிவிட்டது, அவ்வளவுதான். மென்பொருள் பிழையை அடைக்கும் நிரலுக்கு ‘ஒட்டு’ இருக்கட்டும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் ஒட்டுப்பாலையும் (மரத்தில் உறைந்து ஒட்டிய ரப்பர் பால்) நினைவுபடுத்தும். டெல்டா என்றால் கணக்குப் படித்தவருக்கு மாற்றத்தின் குறி. மற்றத் தமிழருக்குத் தஞ்சாவூர்.

என் பரிந்துரை: திருத்த நறுக்கு.

நம் முன்னோர் நீண்ட செய்திக்கு முழு ஓலை எடுத்தார்கள். சின்னச் செய்திக்கு ஓலை நறுக்கு போதும். ஓலையிலிருந்து வெட்டிய சிறு துண்டு, அதில் இரண்டு வரி. சிடிஃப் அதேதான்: முழு ஓலை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, இந்த நறுக்கில் உள்ளபடி அதைத் திருத்திக்கொள்ளுங்கள். ‘திருத்த’ என்ற அடை முன்னால் இருப்பதால் வெங்காயம் நறுக்குவதோடு யாரும் குழப்பிக்கொள்ளமாட்டார்கள். வாக்கியத்தில் வைத்தும் பார்த்தேன்: ‘மூன்று நறுக்குகள் விடுபட்டுள்ளன’, ‘6-ஆம் நறுக்கை ஏற்றவும்’. வாயில் இடறவில்லை.

இரு கணினிகளின் கோப்புகளை ஒன்றுபோல் ஆக்கும் ஆர்சிங்க் என்ற மென்பொருள் செய்வதை இதே சொல்லில் அடைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 1996-இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லும் பால் மெக்கரஸும் வெளியிட்ட அந்த முறையில் முன்கூட்டியே எழுதிவைத்த நறுக்கு கிடையாது. பெறுபவர் தன் பழைய கோப்பைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் சரிபார்ப்புத் தொகையை அனுப்புகிறார். அனுப்புபவர் அவற்றைப் புதிய கோப்போடு ஒப்பிட்டு, பொருந்தாத இடங்களை மட்டும் தருகிறார். அப்புறம் பெறுபவர் இரண்டையும் சேர்த்துக் கோப்பை அமைத்துக்கொள்கிறார். இதற்கு ‘ஒப்பிட்டு இறக்கல்’ என்று தோன்றுகிறது. அறுந்ததைத் தொடர்வதற்கு ‘விட்ட இடத்திலிருந்து இறக்கல்’ என்றே நீளமாக எழுதலாம். அந்த நீளம் எனக்குக் குறையாகப் படவில்லை, படித்தவுடன் புரிகிறது. ‘பகுதி இறக்கம்’ மட்டும் இனி வேண்டாம்.

அப்டேட்டுக்கு ‘இற்றை’யா ‘புதுப்பித்தல்’ஆ என்ற பழைய வழக்கை இந்த இழையில் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். திருத்த நறுக்கு இரண்டோடும் சேரும்.

புதிய கையேட்டை வருகிற சனிக்கிழமை வகுப்புக்கு அச்சடிக்கிறேன். மறுப்போ இன்னும் நல்ல சொல்லோ இருந்தால் வெள்ளி இரவுக்குள் எழுதுங்கள். முக்கியமாக, தோட்டப்புறப் பேச்சில் ‘நறுக்கு’ வேறு பொருளில் வழங்குகிறதா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து