மாமாவின் காசும் 28 நாளும்

2024இல் மகளை மாஸ்டர்ஸ் படிக்க லண்டனுக்கு அனுப்பினோம். காசு இருந்தும் அல்லாடின கதை இது.

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் என் தம்பி, "அக்கா, நீங்கள் யோசிக்காதீங்கோ, காசு என்ரை கணக்கிலை கிடக்கு" என்றான். கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் போன விசா ஏஜென்டும் அவனிடம் ஒரு ஸ்பான்சர் கடிதம் வாங்கினால் போதும் என்றார். நல்லவேளை, மகள் விசா விதியைத் தானே வாசித்தாள். காசு மாணவரின் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்க வேண்டும். சட்டப்படியான பாதுகாவலர் என்றாலும் சரி. மாமா எவ்வளவு பாசமானவர் என்றாலும் கணக்கில் வரமாட்டார்.

அப்போது லண்டனில் வாழும் செலவுக்கு மாதம் 1,334 பவுண் வீதம் ஒன்பது மாதத்துக்கு 12,006 பவுண் வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். பவுண் 390 ரூபாய் அளவில் நின்றது, ஆக 47 லட்சத்துக்குக் கிட்ட. கட்டாமல் மிச்சமிருந்த படிப்புக் கட்டணம் அதற்கு மேலே. (இப்போது அந்தத் தொகை கூடிவிட்டது, என் கணக்கை வைத்து ஆயத்தம் செய்யாதீர்கள்.)

தம்பி அனுப்பிய காசு என் சேமிப்புக் கணக்கில் விழுந்த நாளிலிருந்து கலண்டரில் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். அந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்க வேண்டும், ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. 19ஆம் நாள் மின்சார பில் தானாகக் கழிந்தது. நானே எப்போதோ போட்டுவைத்த ஏற்பாடுதான், மறந்தே போனேன். அளந்து போட்டிருந்த காசில் சில ஆயிரம் ரூபாய் குறைந்தது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினோம். மகள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

இரண்டாம் முறை மூன்று லட்சம் கூடப் போட்டேன். விண்ணப்பிக்கும் நாளின் விகிதத்தில்தான் ரூபாயைப் பவுணாக்கிப் பார்ப்பார்கள், அன்றைக்குப் பார்த்துப் பவுண் ஏறினால் போச்சு. பிறகு என் காசை அவள் பாவிக்கலாம் என்ற சம்மதக் கடிதம், அவளின் பிறப்புச் சான்றிதழ், அது தமிழில் இருந்ததால் ஆங்கில மொழிபெயர்ப்பு. சுகாதாரக் கட்டணம் 1,164 பவுண் வேறு. அது காட்டிவிட்டுத் திருப்பி எடுக்கும் காசு இல்லை.

பதில்:

அக்கா, எங்களுக்கு 2022இல் என் தம்பியின் ஜெர்மன் மாணவர் விசா. முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு அளவு மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) அப்போது 10,332 யூரோ போட வேண்டும். ஜனவரியில் பார்த்தபோது 24 லட்சம் அளவில் வந்தது. மார்ச்சில் ரூபாய் சரிந்தது. மே மாதம் அதே யூரோவுக்கு 39 லட்சம் அளவு வேண்டியிருந்தது. அம்மா தன் தாலிக்கொடியையும் காப்புகளையும் எடுத்துக்கொண்டு கொழும்பில் நகைக்கடைகள் இருக்கும் செட்டியார் தெருவுக்கு விற்க நடந்தார். ரூபாய் விழுந்ததில் தங்கமும் ஏறியிருந்தது, அதனால்தான் தப்பினோம். அங்கே போன பிறகு தம்பிக்கு அந்தக் கணக்கிலிருந்து மாதம் 861 யூரோதான் விட்டார்கள். முதல் மாதக் காசு வந்ததும் அம்மாவுக்குப் போன் எடுத்து, "இது உங்கட ஒரு காப்பு" என்றான்.